2,000 மைல் மலைப் பாதை: பெண்டன் மெக்காய் வாழ்க்கை வரலாறு

அமெரிக்கா, மோட்டார் கார்கள் மலிந்த நாடு. அங்கே காலால் நடப்பவர்கள் குறைவு. கடைக்குப் போவதானாலும் காரில் போவார்கள்.

அந்த நாட்டில் ஒரு பாதை இருக்கிறது. அதில் கார் போகக்கூடாது. லாரி போகக்கூடாது. மனிதர்கள் நடந்துதான் போகவேண்டும்.

பாதையின் நீளம் எவ்வளவு தெரியுமா? 2,190 மைலுக்கு மேல்! அதாவது, சுமார் 3,500 கிலோ மீட்டர். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்குகிறது. வடக்கே மெய்ன் மாநிலத்தில் முடிகிறது. மொத்தம் 14 மாநிலங்களைத் தொட்டுச் செல்கிறது. காடு, மலை, ஆறு, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் தாண்டிச் செல்கிறது.

இந்தப் பாதையைப் போட்டது யார்? அரசன் அல்ல. கோடீசுவரன் அல்ல. சர்க்கார்கூட அல்ல. கையில் கோடாரியும், வாளியில் வெள்ளைப் பெயிண்டும் எடுத்துக்கொண்டு போன சாதாரண மக்கள் போட்ட பாதை இது. ஆசிரியர்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் ஆகியோர் விடுமுறை நாட்களில் கூலி இல்லாமல் வெட்டிய பாதை.

இப்படி ஒரு பாதை வேண்டும் என்று முதலில் திட்டம் தீட்டியவர் பெண்டன் மெக்காய். மனைவியை இழந்து, மனம் உடைந்து கிடந்த நேரத்தில் அவர் இந்தத் திட்டத்தை எழுதினார்.

நாடகக்காரர் மகன்

1879-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஸ்டாம்போர்டு நகரில் பெண்டன் பிறந்தார்.

தகப்பனார் பெயர் ஸ்டீல் மெக்காய். அவர் பெரிய நாடகக்காரர். நடிப்பார், நாடகம் எழுதுவார், நாடகக் கொட்டகைக்குப் புதுப்புது இயந்திரங்களும் கண்டுபிடிப்பார். கொட்டகைகளில் எழுந்தவுடன் மடங்கிக்கொள்ளும் நாற்காலி இருக்கிறது அல்லவா? அதைக் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

கலை இருந்த வீட்டில் காசு நிற்கவில்லை. ஒரு நாடகம் வெற்றி பெற்றால் பணம் வரும். அடுத்த முயற்சியில் அது போய்விடும். குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது.

1888-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஷெர்லி சென்டர் என்ற சிற்றூருக்குக் குடும்பம் வந்தது. பெண்டனுக்கு வயது 9. ஒரு மாதா கோவில், ஒரு பள்ளிக்கூடம், கொஞ்சம் வீடுகள். சுற்றிலும் காடும் ஓடையும் குன்றும். பையனுக்கு அந்த ஊர் பிடித்துப் போயிற்று. உலகில் எங்கே சுற்றினாலும், அதையே அவர் தம் சொந்த ஊராகக் கருதினார்.

பையன் சும்மா சுற்றவில்லை. ஒவ்வொரு நாள் நடைக்கும் எண் கொடுத்தான். எந்தக் குன்று, எந்த ஓடை, எந்த மரம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். தன் கையாலேயே படம் வரைந்து கொண்டான்.

1893-ல் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதையொட்டி, ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய மாபெரும் நாடகக் கொட்டகை கட்டத் தகப்பனார் திட்டம் போட்டார். அந்த ஆண்டு அமெரிக்காவில் பணமுடை ஏற்பட்டது. பணம் தருவதாகச் சொன்னவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாதியில் நின்ற கொட்டகை இடிக்கப்பட்டது. தகப்பனார் உடல் தளர்ந்தார். 1894 பிப்ரவரியில், ரெயில் பயணத்தின்போதே காலமானார்.

பெண்டனுக்கு அப்போது 15 வயதுகூட நிரம்பவில்லை. பணத்தை நம்பி எழுப்பும் பெரிய திட்டம், பணம் நின்றால் தானும் நின்றுவிடும். இதைப் பையன் தன் வீட்டிலேயே கண்டான்.

மரத்தின் உச்சியில்

வறுமையிலும் படிப்பு நிற்கவில்லை. 1896-ல் பெண்டன், புகழ்பெற்ற ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். பூமியின் அமைப்பு பற்றிய பாடங்களை ஆவலுடன் படித்தார். 1900-ல் பட்டம் பெற்றார்.

அந்தக் கோடையில், ஒரு நண்பருடன் வெர்மான்ட் மாநிலத்துப் பச்சை மலைகளில் கால்நடையாகப் புறப்பட்டார். ஸ்டிராட்டன் மலையின் உச்சிக்குப் போனார்கள். உச்சியிலும் மரங்கள் அடர்ந்திருந்தன. ஒன்றும் தெரியவில்லை. ஒரு மரத்தின் மீது ஏறிப் பார்த்தார் பெண்டன்.

மலைக்குப் பின்னால் மலை! அதற்குப் பின்னால் இன்னொரு மலை! வடக்கேயும் தெற்கேயும் மலைத்தொடர் முடிவில்லாமல் நீண்டு கிடந்தது. இந்த மலைமுதுகின் மேலேயே ஒருவன் நடந்துகொண்டே போனால் எப்படி இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. பின்னாளில் அவரே இதை நினைவுகூர்ந்தார்.

எண்ணம் உதித்தபோது வயது 21. அது திட்டமாக உருவாக இன்னும் 21 ஆண்டுகள் ஆயின.

காட்டிலாகா உத்தியோகம்

ஹார்வர்டில் காட்டு வளர்ப்புப் படிப்பு புதிதாகத் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்து, 1905-ல் தேறினார் பெண்டன். அதே ஆண்டில் அமெரிக்கக் காட்டிலாகாவில் உத்தியோகம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் காடுகளை மொட்டையடித்துக் கொண்டிருந்தார்கள். 1911-ல் ஒரு சட்டம் வந்தது. ஆறுகள் உற்பத்தியாகும் இடங்களில் உள்ள காடுகளை சர்க்கார் விலைக்கு வாங்கலாம். ஆனால் காட்டை அழித்தால் ஆறு கெடும் என்பதை ருசுப்படுத்த வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைகளில் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1912-ல் பெண்டன் அங்கே அனுப்பப்பட்டார். மழை பெய்தால், மரம் உள்ள சரிவில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்குகிறது. மரம் வெட்டிய சரிவிலோ உடனே வெள்ளமாகப் பாய்கிறது. பிறகு ஓடை வறண்டுவிடுகிறது. இந்த உண்மை அளந்து காட்டப்பட்டது. அந்த மலைக்காடுகள் நாட்டின் பொதுச் சொத்தாக இது உதவியது.

பெண்டன் மரத்தை மட்டும் பார்க்கவில்லை. மரம் வெட்டிப் பிழைத்த மனிதனையும் பார்த்தார். காடு தீர்ந்ததும் கம்பெனி போய்விடுகிறது. தொழிலாளி தெருவில் நிற்கிறான். காட்டையும் காக்கவேண்டும், அதை நம்பியவனையும் காக்கவேண்டும் என்பது பெண்டன் கருத்து. 1918-ல் அவர் தொழிலாளர் இலாகாவுக்கு மாறினார். போர் முடிந்து திரும்பும் வீரர்களுக்கு நிலமும் வேலையும் கொடுக்க விரிவான திட்டம் எழுதினார். சர்க்கார் அதை ஏற்கவில்லை. அறிக்கை அலமாரியில் தூங்கியது. கொஞ்ச காலத்தில் உத்தியோகமும் போயிற்று.

மனைவியின் மறைவு

1915-ல் பெண்டன் திருமணம் செய்து கொண்டார். மனைவி பெயர் ஜெஸ்ஸி ஹார்டி ஸ்டப்ஸ். பெட்டி என்று அழைப்பார்கள்.

பெட்டி சாதாரணப் பெண் அல்ல. அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடியவர். மேடை ஏறிப் பேசினால் கூட்டம் அசையாது. போர் கூடாது என்றும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 1920-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது.

உழைப்பும் கவலையும் அவரை வாட்டின. மனநோய் வந்தது. சில நாள் தெளிவாக இருப்பார். சில நாள் இருளில் மூழ்கிவிடுவார்.

1921 ஏப்ரல் 18-ந் தேதி. பெட்டிக்கு ஓய்வு தேவை என்று, கிராமப்புறத்துக்கு அழைத்துச் செல்ல பெண்டன் ஏற்பாடு செய்தார். இருவரும் நியூயார்க் நகரின் பெரிய ரெயில் நிலையத்துக்கு வந்தார்கள். எங்கும் ஜனக்கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெட்டி மறைந்துவிட்டார்.

தேடினார்கள். ஓடினார்கள். போலீசுக்குச் சொன்னார்கள். பெட்டி உயிருடன் கிடைக்கவில்லை. தம் வாழ்வைத் தாமே முடித்துக் கொண்டார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெண்டனுக்கு வயது 42. வேலை இல்லை. மனைவி இல்லை. அவர் பிறகு மறுமணம் செய்து கொள்ளவே இல்லை.

பண்ணை வீட்டில் பிறந்த திட்டம்

இந்த நேரத்தில் ஒரு நண்பர் கை கொடுத்தார். அவர் பெயர் சார்லஸ் விட்டேக்கர். கட்டடக் கலைஞர்கள் சங்கத்துப் பத்திரிகையின் ஆசிரியர். நியூ ஜெர்சி மாநிலத்தில் அவருக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. அங்கே வந்து தங்கும்படி பெண்டனை அழைத்தார்.

சுற்றிலும் குன்றுகள். அமைதியான இடம். பெண்டன் எழுத உட்கார்ந்தார். 21 ஆண்டுகளுக்கு முன்பு மரத்தின் மேல் கண்ட காட்சி திரும்பி வந்தது.

ஜூலை 10-ந் தேதி, அருகில் இருந்த இன்னொரு பண்ணையில் விட்டேக்கர், கிளாரன்ஸ் ஸ்டைன் என்ற கட்டடக் கலைஞர், பெண்டன் ஆகிய மூவரும் சந்தித்தார்கள். பெண்டன் தம் எண்ணத்தை எடுத்துச் சொன்னார். பத்திரிகையில் வெளியிட விட்டேக்கர் சம்மதித்தார். மற்றவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஸ்டைன் ஒப்புக்கொண்டார்.

1921 அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது.

திட்டம் என்ன? அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் இருக்கிறது. அதன் இரு பக்கமும் பெரிய நகரங்கள். லட்சக்கணக்கான மக்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் அடைந்து கிடக்கிறார்கள். அவர்கள் வந்து மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். வடக்கே வாஷிங்டன் மலை முதல் தெற்கே மிச்சல் மலை வரை ஒரு நடைபாதை போடவேண்டும்.

பாதை மட்டும் போதாது. ஒரு நாள் நடைக்கு ஒரு தங்கும் குடில் வேண்டும். மக்கள் சேர்ந்து வாழ முகாம்கள் வேண்டும். அங்கே உழுது பயிரிட்டுச் சாப்பிடப் பண்ணைகள் வேண்டும். வேலை இல்லாதவனுக்கு அங்கே வேலையும் கிடைக்கும். இதுதான் பெண்டன் கண்ட கனவு.

பணத்துக்கு எங்கே போவது?

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. பணம் எங்கே?

பாதை போகும் மலைகள் பல பேருக்குச் சொந்தம். சில இடம் சர்க்கார் காடு. சில இடம் கம்பெனிக் காடு. சில இடம் குடியானவனின் மாட்டுப் புல்வெளி. எல்லாவற்றையும் விலைக்கு வாங்குவதானால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும்.

பெண்டன் பணத்தைத் தேடவில்லை, ஆட்களைத் தேடினார்.

மலை ஏறுவோர் சங்கங்கள் முன்பே சில இடங்களில் இருந்தன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் 1876 முதல் ஒரு சங்கம் இயங்கி வந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் 1910-ல் இன்னொரு சங்கம் தோன்றி, மாநிலம் முழுவதும் நீளமான பாதை வெட்டிக்கொண்டிருந்தது. இப்படித் துண்டு துண்டாக இருந்த பாதைகளை ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். இடைவெளி உள்ள இடத்தில் புதிய சங்கம் அமைக்க வேண்டும். ஒவ்வொரு சங்கமும் தன் பக்கத்துப் பகுதியைத் தானே வெட்டவேண்டும், தானே காக்கவேண்டும். இதுதான் ஏற்பாடு.

செலவு என்ன? கோடாரி, ரம்பம், பெயிண்டு, ரெயில் கட்டணம். இதற்கு அங்கத்தினர் சந்தா போதும். நிலத்துக்கு? சொந்தக்காரரிடம் போய், நடக்க மட்டும் அனுமதி கேட்கவேண்டும். பெரும்பாலும் வாய்ச் சொல்தான் அனுமதி. பத்திரம் இல்லை, வாடகை இல்லை.

கூலி கொடுத்தால் பணம் தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். ஆசையால் செய்பவன் நிற்கமாட்டான். பெண்டன் இதை உறுதியாக நம்பினார். ஊர் ஊராகச் சென்று சங்கத் தலைவர்களையும் பத்திரிகைக்காரர்களையும் பார்த்தார். கையில் காசு இல்லாமல், நண்பர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு இதைச் செய்தார்.

முதல் துண்டு

நியூயார்க் நகரில் ரேமண்டு டோரி என்ற பத்திரிகைக்காரர் இருந்தார். நடைப்பயணம் பற்றிப் பத்திரிகையில் எழுதி வந்தவர். திட்டம் அவரைக் கவர்ந்தது. பூங்கா அதிகாரியான மேஜர் வில்லியம் வெல்சும் சேர்ந்துகொண்டார். விடுமுறை நாட்களில் தொண்டர்கள் மலைக்குப் போனார்கள். புதர் வெட்டினார்கள். மரத்தில் குறி போட்டார்கள்.

1923 அக்டோபர் 7-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் கரடி மலையிலிருந்து ஆர்டன் என்ற ஊர் வரை முதல் துண்டு திறக்கப்பட்டது. சில மைல்தான். ஆனாலும் காகிதத்தில் இருந்த பாதை மண்ணில் இறங்கிவிட்டது!

அதே ஆண்டில் பெண்டன் ஓர் அறிஞரைச் சந்தித்தார். அவர் பேட்ரிக் கெடீஸ். முன்பு சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து, நகரச் சீரமைப்பு பற்றி அறிக்கை எழுதியவர் அவர்தான். ஊரையும் நாட்டுப்புறத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது கெடீஸ் கொள்கை. அது பெண்டனுக்கு மிகவும் ஊக்கம் தந்தது. 1928-ல் பெண்டன் இதுபற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

1925 மார்ச் மாதம் வாஷிங்டன் நகரில் மகாநாடு கூடியது. சங்கங்கள் எல்லாம் சேர்ந்து அப்பலாச்சியன் பாதைக் கழகம் அமைத்தன.

வக்கீல் வந்தார்

மகாநாடு முடிந்தது. கைதட்டலும் முடிந்தது. வேலை மட்டும் நகரவில்லை. பெண்டன் எண்ணத்தில் வல்லவர், எழுத்தில் வல்லவர். ஆனால் ஆட்களைத் திரட்டி வேலை வாங்குவது அவருக்குக் கைவந்த கலை அல்ல.

அப்போது இரண்டு வக்கீல்கள் வந்தார்கள். ஒருவர் ஆர்தர் பெர்க்கின்ஸ். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். தூங்கிக் கிடந்த கழகத்தை அவர் தட்டி எழுப்பினார்.

மற்றவர் மைரன் அவெரி. வயது 30-கூட ஆகாத இளைஞர். மெய்ன் மாநிலத்துக்காரர். வாஷிங்டனில் சர்க்கார் வக்கீல். 1927-ல் அங்கே ஒரு நடைச் சங்கம் தொடங்கினார். 1931-ல் கழகத்தின் தலைவர் ஆனார்.

அவெரி பேய்போல் உழைத்தார். வாரக் கடைசியில் மலைக்குப் போவார். சைக்கிள் சக்கரம் போன்ற ஓர் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே நடப்பார். ஒவ்வொரு மைலையும் அளப்பார். எங்கே ஊற்று, எங்கே திருப்பம் என்று குறிப்பார். வழிகாட்டிப் புத்தகம் அச்சிடுவார். ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் புதிய சங்கங்களை உண்டாக்குவார். வேலை செய்யாதவரைக் கண்டிப்பார். சிலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் பாதை நீண்டது!

வழி தவறாமல் இருக்க, மரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். அகலம் 2 அங்குலம். உயரம் 6 அங்குலம். பாதை திரும்பும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் இந்தக் குறியைப் பார்த்தே நடந்துவிடலாம்.

மெய்ன் மாநிலத்தில் சங்கங்கள் இல்லை. அடர்ந்த காடு. ஆகவே பாதையை வாஷிங்டன் மலையோடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. அவெரி விடவில்லை. தம் சொந்த மாநிலத்தின் கட்டாடின் மலை வரை கொண்டுபோயே தீருவது என்று நின்றார்.

நண்பர்கள் பிரிந்தார்கள்

1930-க்குப் பின் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. மக்களுக்கு வேலை கொடுக்க சர்க்கார் சாலைகள் போட்டது. வர்ஜீனியா மாநிலத்தில் மலை முகட்டின் மேலேயே ஒரு மோட்டார் சாலை போடத் தொடங்கினார்கள். நடைபாதை போன இடத்திலேயே சாலை வந்தது!

பெண்டன் கொதித்தார். காரின் இரைச்சலிலிருந்து தப்பவே இந்தப் பாதை. அங்கேயும் கார் வந்தால் பாதை எதற்கு? எதிர்த்து நிற்கவேண்டும் என்றார்.

அவெரியின் எண்ணம் வேறு. சர்க்காரோடு சண்டை போட்டு வெல்ல முடியாது. சர்க்கார் தயவு இருந்தால், கெட்டுப்போன பாதைக்குப் பதில் வேறு பாதை வெட்டித் தருவார்கள். முதலில் பாதை முழுமை பெறட்டும் என்றார்.

இரண்டு பேரும் பாதையை நேசித்தவர்கள். பாதை எதற்காக என்பதில் பெண்டனுக்குக் கண். பாதை இருக்கவேண்டும் என்பதில் அவெரிக்குக் கண். 1935 கடைசியிலும் 1936 தொடக்கத்திலும் கடுமையான கடிதங்கள் பறந்தன. உறவு முறிந்தது. பிறகு ஒட்டவே இல்லை.

தாம் பெற்ற பிள்ளையை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் பெண்டன் விலகினார். ஆனால் பாதைக்குக் குறுக்கே நிற்கவில்லை. 1935-ல் ராபர்ட் மார்ஷல், ஆல்டோ லியோபோல்டு முதலிய நண்பர்களுடன் சேர்ந்து, மனிதன் கை படாத காடுகளைக் காப்பதற்கு ஒரு சங்கம் அமைத்தார். 1945 முதல் 1950 வரை அதன் தலைவராகவும் இருந்தார்.

பாதை முடிந்தது

அவெரி சொன்னதுபோல் சர்க்கார் உதவியும் வந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1933-ல் வேலையற்ற இளைஞர்களுக்காக ஒரு படை அமைத்தார். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். அந்த இளைஞர்கள் பல இடங்களில் பாதை வெட்டினார்கள். தங்கும் குடில் கட்டினார்கள்.

1936-ல் பாதையின் எல்லாப் பகுதிகளையும் அவெரி நடந்து முடித்துவிட்டார். 1937 ஆகஸ்டு 14-ந் தேதி, மெய்ன் மாநிலத்தில் ஒரு மலைமுகட்டில் கடைசித் துண்டு வெட்டி முடிக்கப்பட்டது. 16 ஆண்டு உழைப்பு! 2,000 மைல் பாதை முழுமை பெற்றது.

பெண்டன் கண்ட முகாம்களும் பண்ணைகளும் வரவில்லை. பாதையும் குடில்களும் மட்டும் வந்தன.

மறு ஆண்டே பெரும் புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் பாதையில் விழுந்தன. பிறகு உலகப் போர். தொண்டர்கள் போருக்குப் போனார்கள். பாதையில் புதர் மண்டியது.

போர் வீரரும் பாட்டியும்

போர் முடிந்தது. ஏர்ல் ஷேபர் என்ற வீரர் ஊர் திரும்பினார். போரில் உயிர் நண்பனை இழந்தவர். மனதில் இருந்த போரை நடந்தே தீர்க்க எண்ணினார். 1948-ல் தெற்கே புறப்பட்டார். 4 மாதம் நடந்து வடக்கே போய்ச் சேர்ந்தார். ஒரே பயணத்தில் பாதை முழுவதையும் நடந்ததாகப் பதிவு பெற்ற முதல் மனிதர் இவர். பாதை இன்னும் உயிரோடு இருப்பதை நாடு தெரிந்துகொண்டது.

1955-ல் ஒரு பாட்டி புறப்பட்டார்! பெயர் எம்மா கேட்வுட். வயது 67. பதினொரு பிள்ளைகள் பெற்றவர். கான்வாஸ் செருப்பு, தோளில் ஒரு துணிப் பை. அவ்வளவுதான் சாமான். தன்னந்தனியாக நடந்து முடித்தார். பத்திரிகைகள் படம் போட்டுப் புகழ்ந்தன.

போரில் மனம் புண்பட்டவர் வந்தார். பேரன் பேத்தி எடுத்தவர் வந்தார். பெண்டன் யாருக்காகக் கனவு கண்டாரோ, அவர்களே வந்தார்கள்.

இதற்கிடையே, 1952-ல் அவெரி திடீரென்று காலமானார். வயது 52-தான்.

சட்டம் வந்தது

பாதைக்குப் புதிய ஆபத்து வந்தது. வாய்ச் சொல்லை நம்பிப் போட்ட பாதை அல்லவா? நிலத்தின் விலை ஏறியது. சொந்தக்காரர்கள் மாறினார்கள். புதியவர் வேலி போட்டார், வீடு கட்டினார். பல இடங்களில் பாதை மலையை விட்டு இறங்கி, தார்ச் சாலையில் ஓடவேண்டியதாயிற்று.

தொண்டு மட்டும் போதாது. சட்டமும் வேண்டும் என்று கழகத்தார் உணர்ந்தார்கள். டில்லியில் நம் பார்லிமெண்டு போல, அமெரிக்காவில் காங்கிரஸ் சபை இருக்கிறது. அங்கே மனுப் போட்டார்கள்.

1968 அக்டோபர் 2-ந் தேதி, ஜனாதிபதி ஜான்சன் தேசியப் பாதைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்பலாச்சியன் பாதை நாட்டின் சொத்து ஆயிற்று. பெண்டனுக்கு அப்போது வயது 89. தம் கண் முன்னே அதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

1978-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாதையின் இரு பக்கமும் நிலம் வாங்க 9 கோடி டாலர் செலவிட அனுமதி கிடைத்தது. சர்க்கார் பணம் நிலத்துக்குப் போனது. உழைப்பு மட்டும் பழையபடி தொண்டர்களுடையதே. 1984-ல் சர்க்கார் ஒரு புதுமை செய்தது. வாங்கிய நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தொண்டர் கழகத்திடமே ஒப்படைத்தது!

கடைசி நாட்கள்

பெண்டன் பின்னாளில் சில சர்க்கார் இலாகாக்களில் வேலை பார்த்தார். 1945-ல் ஓய்வு பெற்றார். ஷெர்லி சென்டர் வீட்டில் எளிய வாழ்க்கை. வாயில் புகைக் குழாய். மேஜை நிறையக் காகிதம். வருகிற இளைஞர்களுடன் வேடிக்கையாகப் பேசுவார். பாதையால் அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை.

இன்னொரு விந்தை. பாதையைத் திட்டமிட்ட பெண்டன், அதை முழுவதும் நடந்தது இல்லை! முதுமையில் கண் பார்வையும் மங்கிவிட்டது.

1975 டிசம்பர் 11-ந் தேதி, ஷெர்லி சென்டரில் பெண்டன் காலமானார். வயது 96.

பாதை நடக்கிறது

பாதை இப்போதும் இருக்கிறது. அநேகமாக எல்லா இடமும் பொது நிலம் ஆகிவிட்டது. 20,000 பேருக்கு மேல் முழுவதும் நடந்து முடித்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் நடப்பவர்கள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர்.

சுமார் 30 சங்கங்கள் பாதையைக் காக்கின்றன. மழைநீர் பாதையை அரிக்காமல் குறுக்குக் கட்டை போடுவது, விழுந்த மரத்தை அறுப்பது, குடிலுக்குக் கூரை வேய்வது, மங்கிய வெள்ளைப் பட்டையை மீண்டும் தீட்டுவது எல்லாம் தொண்டர்கள் வேலை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியைச் சூறையாடியது. தொண்டர்கள் மீண்டும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார்கள்.

ஜார்ஜியாவில் பாதை தொடங்கும் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து இன்னொரு நடைபாதையும் புறப்படுகிறது. சுமார் 300 மைல். அதற்குப் பெண்டன் மெக்காய் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வடக்கே, மெய்ன் மாநிலத்தில் ஒரு மலைச் சிகரத்துக்கு அவெரி பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

ஒருவர் பெயர் தெற்கே. ஒருவர் பெயர் வடக்கே. உயிரோடு இருந்தபோது பிரிந்துபோன இருவரையும் இணைத்துக்கொண்டு, இடையில் கிடக்கிறது அந்தப் பாதை.